அப்பாவின் துப்பாக்கியை வாங்கப் போன நாள்

துப்பாக்கியைச் சுற்றி எடுத்துவர அம்மா ஒரு பழைய பெட்ஷீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ போட்டது, நான் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனது. துறையூர் பஸ்ஸில் வந்து, டவுன் பஸ் மாறி, காலையிலேயே அப்பா ஸ்ரீரங்கத்தில் என் மருந்துக்கடை வாசலில் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால், அந்தப் பெட்ஷீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எங்கள் கொல்லையில் வேலை பார்க்கும் அண்ணன்.

அண்ணன் என்று எழுதிவிட்டேன். சின்ன வயதில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கம், அது தப்பென்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அப்பாவின் துப்பாக்கி அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோன பிறகுதான் அவர் எனக்கு அண்ணன் ஆனார்.

எங்கள் ஊர் மலையடிவாரம். மக்காச்சோளம் போட்டால் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று தாத்தா காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. வெடிமருந்தைக் கெட்டித்து, சைக்கிள் பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுவது. அதனால் ஒரு பன்றி செத்ததாக எனக்கு நினைவில்லை. சத்தத்துக்கு ஓடும், மறுநாள் குடும்பத்தோடு வரும். ஹால் சுவரில் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் அது தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் எதைப் பார்க்கிறார்கள் என்று அப்பா கவனிப்பார். பெருமாளை முதலில் பார்த்தவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

ஒரு விடியற்காலை, மடையைத் திருப்பிவிடப் போன அண்ணன் சோளக்கொல்லைக்குள் குனிந்திருந்தார். தட்டை அசைந்தது. அப்பா சுட்டுவிட்டார். குரல் கொடுத்துவிட்டுச் சுட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. குரல் கொடுத்தால் பன்றி ஓடிவிடுமே என்று கொடுக்கவில்லை. இதை அவரே எங்களிடம் சொன்னார், பிறகு வக்கீல் சொன்னதும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

போலீஸ் வந்து துப்பாக்கியைக் கைப்பற்றிக்கொண்டு போனது. முதலில் கொலை முயற்சி என்று எழுதிவிட்டதால் வழக்கு திருச்சி கோர்ட்டுக்கு வந்தது. துப்பாக்கி சென்னைக்குப் போய், அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டு, இது சுடும் நிலையில் உள்ளது என்ற சான்றிதழோடு திரும்பியது. அதைத் தெரிந்துகொள்ளச் சென்னை வரை போயிருக்க வேண்டாம், அண்ணன் முகத்தைப் பார்த்தாலே போதும்.

அவர் சாட்சி சொன்ன நாளில் நானும் கோர்ட்டில் இருந்தேன். இருட்டில் யார் சுட்டது என்று தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். அண்ணன் அதைச் சொல்லி முடித்தார். அரசு வக்கீல் விடவில்லை. அட்டை கட்டித் தொங்கவிட்ட துப்பாக்கியை மேஜையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"அன்னிக்கு இவர் கையில இருந்தது இதுதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அது சொல்லிக்கொடுக்காத கேள்வி. அண்ணன் கொஞ்ச நேரம் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு சரியாத் தெரியலைங்கய்யா" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. அண்ணனைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தார்கள். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அப்பாடா என்றிருந்தது. அப்பா ஜெயிலுக்குப் போகமாட்டார். அது ஒன்றுதான் தோன்றியது. மற்றதெல்லாம் தென்னூரில் ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எங்கள் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அண்ணன் தானாகவே பக்கத்து மேஜைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். "நல்லா சாப்பிடுடா" என்று அப்பா இங்கிருந்தே சொன்னார். உறைத்தும் நான் எழுந்துபோய் அவர் எதிரில் உட்காரவில்லை.

அண்ணனை யாரும் மிரட்டவில்லை. அவருடைய வீடு எங்கள் நிலத்தில் இருக்கிறது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். அதற்குப் பதிலாக நாங்கள் அவரைக் கவனித்துக்கொண்டோம். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கடுமையான வேலை வேண்டாம் என்று அப்பா அவரைப் பன்றிக் காவலுக்குப் போட்டார், கையில் ஒரு தகர டின்னும் கம்பும் கொடுத்து. நான் மாதாமாதம் கடையிலிருந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து அனுப்பினேன். பில் போடமாட்டேன். பில் போடவில்லை என்பதை அம்மாவிடம் ஃபோனில் சொல்லவும் செய்வேன்.

துப்பாக்கி கோர்ட்டில் இருந்த காலம் முழுக்க அந்த ஆணி ஹாலில் சும்மா இருந்தது. அம்மா காலண்டர் மாட்டப் போனபோது அப்பா கத்திவிட்டார். ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். கடப்பாரை, மண்வெட்டி, ஸ்ப்ரேயர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அப்பா, ஸ்டூல் போட்டு ஏறி, வெறும் ஆணிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பொரி வாங்க வந்த அண்ணன் வாசற்படிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நான் பொரியை அள்ளி அள்ளிப் போட்டேன். "போதும் பாப்பா, சிந்துது" என்றார்.

அப்பா விடுதலையானார். உரிய லைசென்ஸ் இருந்தால் துப்பாக்கியை உரிமையாளரிடம் ஒப்படைக்கலாம், இல்லையென்றால் அரசு அதை அழித்துவிட வேண்டும் என்று தீர்ப்பில் இருந்தது. வழக்கு நடந்த காலத்தில் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டதால் வாரிசு பேருக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நான் ஒரே பிள்ளை.

"உன் பேருக்கு எழுதிக்கலாம்மா. ஒரு கையெழுத்துதான்" என்றார் ஃபோனில்.

"சரிப்பா" என்றேன். அப்பாவிடம் சரி சொல்லியே பழகிய வாய்.

அதற்காகத்தான் அன்றைக்குப் புறப்பட்டோம். துப்பாக்கி ஆயுதப்படையின் கிடங்குக்குப் போயிருந்தது. கையெழுத்துப் போட்டதும் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று அப்பா நினைத்திருந்தார், பெட்ஷீட் அதற்கு. தூக்கி வர ஆள் வேண்டுமென்று அண்ணனை அழைத்து வந்திருந்தார். வேறு யாரையாவது கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று கடைக்குள் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன், அவன் சும்மாதானே இருக்கான்" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

கிடங்குப் பொறுப்பில் இருந்த எஸ்.ஐ. இளம்பெண். எங்களை உட்காரச் சொன்னாள். நாற்காலி இரண்டுதான் இருந்தது. கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் வழக்குகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் அட்டை. மழைக்காலத்தில் என் கடையில் மறந்துவிட்டுப் போன குடைகளை இப்படித்தான் சாத்திவைப்பேன். அப்பாவுடையதை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்கள். குழல் துருவேறி, கட்டை வெடித்திருந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கப்பா வச்சிருந்ததும்மா இது" என்று எஸ்.ஐ.யிடம் சொன்னார்.

"இன்னிக்கே எடுத்துட்டுப் போக முடியாது சார். மேடம் பேருல லைசென்ஸ் வரணும். இப்ப சம்மதம்னு எழுதிக் கொடுத்தா நாங்க வச்சிருப்போம். வேணாம்னா சரண்டர் பண்ணிடலாம்."

"சரண்டர் பண்ணினா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"கமிட்டி வந்து பாக்கும் மேடம். அப்புறம் குழலை கேஸ் கட்டர் வச்சுத் துண்டு துண்டா வெட்டிடுவோம். கட்டையை எரிச்சிடுவோம். இரும்பு உருக்கப் போயிடும்."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ கையெழுத்துப் போடும்மா" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். எனக்குப் பின்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், அவர் மூச்சு விடுவது கேட்டது. அந்தப் பெட்ஷீட்டில் இதைச் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு அவர் பஸ் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன்.

"எனக்கு வேணாம்ப்பா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஃப்ளாட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு. அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி நெனப்பாங்க" என்றும் சொன்னேன். உண்மைக் காரணம் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருக்க, நான் அக்கம்பக்கத்தைச் சொன்னேன்.

"கோர்ட்டே கொடுக்கச் சொல்லிடுச்சு. நீ வேணாங்கிற" என்றார் அப்பா. குரல் உடைந்துவிட்டது. அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்து, சரி போட்டுத் தொலைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது.

"ஏங்கம்மா, அதை வெட்டுறப்ப நான் வந்து பாக்கலாமுங்களா?"

எஸ்.ஐ. நிமிர்ந்தாள். "நீங்க யாரு?"

கேட்டது அவரிடம்தான். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அப்பா துப்பாக்கியைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். இவரைத்தான் சுட்டோம் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

"ஐயா கொல்லையில வேலை பாக்கறேங்க" என்றார் அண்ணன்.

அவள் அவருடைய மூடிப்போன கண்ணைப் பார்த்தாள். அப்புறம் துப்பாக்கியில் தொங்கிய அட்டையைத் திருப்பி வழக்கு விவரத்தைப் படித்தாள். எழுந்துகொண்டு, தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெளியாளுங்களை விடமாட்டாங்கண்ணே. நீங்க உக்காருங்க" என்றாள்.

அவரை அண்ணன் என்று கூப்பிட எனக்கு அவருடைய ஒரு கண் தேவைப்பட்டது. அந்தப் பெண் சாதாரணமாகக் கூப்பிட்டுவிட்டாள். அவர் உட்காரவில்லை.

அப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். சரண்டர் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். குனிந்தபடியே கேட்டார்.

"இது வீட்டுக்குத் திரும்ப வரக் கூடாதுன்னு இருந்துச்சாடா உனக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல."

"நீங்க கேக்கலீங்களேய்யா."

கோபமாகச் சொல்லவில்லை. டீ குடிச்சியா என்று கேட்டால் சொல்வாரே, அந்தக் குரல்தான். சொன்னது அப்பாவுக்கு, ஆனால் பார்த்தது என்னை. எரிச்சல் இருக்கா, தண்ணி வடியுதா என்று மாதாமாதம் கேட்டவள் நான். இதைக் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் அப்பா கேட் அருகில் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். நான் அண்ணனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "வெயில்ல நிக்காதீங்க பாப்பா" என்று சொல்லிவிட்டு, பெட்ஷீட்டை ஒருமுறை உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினார்.