கிராணி சபாபதி சாகடித்த அப்பாக்கள்

மலாயாவில் மூவார் கடைத்தெருவில், கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த கிராணி சபாபதி, மூன்று வருஷத்தில் பத்துப் பதினைந்து அப்பாக்களையாவது சாகடித்திருப்பார். பயப்படாதீர்கள், எல்லாம் காகிதத்தில்தான்.

ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புப் பையன்கள் சிங்கப்பூர்க் கல்லூரிக்கு மனுப் போடும்போது, தங்களைப் பற்றி ஒரு பக்கம் தங்கள் கைப்பட எழுதி இணைக்க வேண்டும். பதினேழு வயதுப் பையனுக்குத் தன்னைப் பற்றி என்ன எழுதத் தெரியும்? பேனாவைக் கடித்துக்கொண்டு நேரே சபாபதியிடம் வந்து நிற்பான். ரப்பர்த் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மனுஷர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.

முன்பெல்லாம் ஒவ்வொருவனையும் உட்கார வைத்துக் குடைந்து குடைந்து கேட்டுத்தான் எழுதிக் கொடுப்பார். மனைவி ராசம்மா காய்ச்சலில் போனதோடு அந்தக் கேள்வியெல்லாம் நின்றுபோயிற்று. அவர் அழவில்லை. சோறு வைத்தால் தின்றார், உப்பில்லாவிட்டாலும் தின்றார். ஒன்றும் உறைக்கவில்லை. வந்தவனுக்கெல்லாம் ஒரே பக்கத்தைக் கொடுத்தார்: அப்பா சிறு வயதிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார், அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் படிக்க வைக்கிறார். பையன்கள் அதை அப்படியே பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கூத்து என்னவென்றால், சிலருக்கு இடமும் கிடைத்தது.

முப்பத்து நாலாம் வருஷம் ஜெயபாலன் வந்தான். கல்லூரியில் சம்பளம் கட்டாமல் படிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் அப்பா அர்ச்சுனனோடு கல்லும் தாருமாக ரோட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். அந்த வருஷம் மனுவில் புதிதாக, தகப்பனாரின் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். கைநாட்டு வைக்க அர்ச்சுனனும் கூடவே வந்திருந்தார். சபாபதி வழக்கமான பக்கத்தையே எடுத்து நீட்டினார்.

"என்ன எழுதிருக்கீங்க, கிராணி ஐயா? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்."

அரிசி விலை படிப்பதுபோல் சபாபதி தமிழில் படித்துக் காட்டினார். ஜெயபாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் செத்துட்டேனா?" என்றார் அர்ச்சுனன்.

"ஆமா."

"அப்போ அங்கம்மா?"

"சம்சாரமா? உசுரோட இருக்காங்க. மரம் வெட்டறாங்க."

"அம்மா போயி ரெண்டு வருஷம் ஆச்சுங்க ஐயா," என்றான் பையன். "நீங்க கேக்கவே இல்ல."

அர்ச்சுனன் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினார். "அது அப்படியே இருக்கட்டுங்க. நான் போனா போறேன். அவளாச்சும் அதுல இருக்கட்டும்."

"செத்தவன் எப்படிய்யா கைநாட்டு வைப்பான்? மனுவத் தூக்கிப் போட்டுடுவாங்க," என்றார் சபாபதி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அர்ச்சுனன் மகனைப் பார்த்தார். "சரி, அவ போயிட்டான்னே எழுதுங்க."

சபாபதி புதுத் தாளை எடுத்தார். என் தாய் இறந்துவிட்டார். ஒரே ஒரு வரி. இத்தனை சாவை எழுதிய கை அந்த வரிக்கு ஓடவில்லை. அழுகையும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. பேனாவைப் பையன் பக்கம் தள்ளினார்.

"நீயே எழுது தம்பி. நான் திருத்த மாட்டேன்."

ஜெயபாலன் ஒரு மணி நேரம் எழுதினான். அம்மா இறந்துவிட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பரீட்சைத் தாளை வாங்கி, சிவப்பு மை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பாள். குறைவாக இருந்தால் அன்றைக்குச் சோற்றோடு ஒரு முட்டை. அப்பா ரோட்டில் கல் உடைக்கிறார். இவ்வளவுதான். நாலு பிழை இருந்தது. சபாபதி பார்த்தார், விட்டுவிட்டார். அர்ச்சுனன் கட்டைவிரலை மையில் அமுக்கி வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அர்ச்சுனன் தனியாக வந்தார்.

"எடம் கெடைச்சிருச்சுங்க ஐயா!"

"நல்லது," என்றார் சபாபதி. சந்தோஷம் வருமா என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். வரவில்லை.

அர்ச்சுனன் போகாமல் நின்றார். "பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டேங்க. அவகிட்டச் சொல்லத்தான் வழியில்ல."

 மூன்று வருஷமாகச் சபாபதியின் வாயில் வராத பேர் அன்றைக்கு வந்தது.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான்யா. ராசம்மான்னு பேரு."