அப்துல் ஸமட் ஹாஜியார் கட்டிய பள்ளிக்கூடம்

எங்கள் நிந்தவூரில் அப்துல் ஸமட் ஹாஜியாருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அதை அவரே சொல்வார். சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரம் நாற்பது வீடுகள் கட்டிய கொந்தராத்துக்காரர். அன்று ஏறிய தலைக்கனம் இன்றுவரை இறங்கவில்லை. அப்போது வந்த வெள்ளைக்காரத் தொண்டர்கள் செங்கல்லைக் கையில் வைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனதை அவர் மறக்கவே இல்லை. தானும் ஒருநாள் யாருடைய நாட்டிலாவது அப்படி நிற்க வேண்டும் என்று ஏங்கிக் கிடந்தார்.

அவர் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கும் பாலர் பாடசாலையின் கூரை மூன்று மாரியாக ஒழுகுகிறது. அதைத் திருத்த விமானம் ஏற வேண்டியதில்லை. ஆகவே அது அவர் கண்ணில் படவில்லை.

சென்ற வருடம் உகாண்டாவில் ஒரு குக்கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டப் புறப்பட்டார். நான் ஆங்கில ஆசிரியன். மொழிபெயர்க்க என்னையும் தன் செலவில் கூட்டிப்போனார்.

அங்கே ஹலீமா என்ற ஒரே ஆசிரியை முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு மாமரத்தின் கீழ் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மழை தொடங்கினால் இரண்டு மாதம் படிப்பு நின்றுவிடும். அதற்கு முன் ஒரு அறை எழும்பினால் போதும் என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

எங்கள் கடற்கரையில் அத்திவாரத்துக்கு முழங்கால் அளவு தோண்டினால் போதும். தண்ணீர் ஊற்ற ஊற்ற மணல் இறுகிவிடும். அங்கே இருந்ததோ கறுப்புக் களிமண். ஹாஜியார் முழங்கால் அளவோடு நிறுத்தி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஹலீமா பதறி ஓடிவந்தாள். இந்த மண் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் பிளக்கும், மார்பளவு தோண்டுங்கள் என்றாள். நான் மொழிபெயர்த்தேன்.

"நாப்பது ஊடு கட்டின கை இது. இவவா எனக்கு மண்ணப் படிப்பிக்கிற? நீங்க தண்ணிய ஊத்துங்க மாஸ்டர்!" என்றார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் களிமண் வயல்கள் இருக்கும் சவளக்கடையில் எந்த வயல்காரனைக் கேட்டிருந்தாலும் ஹலீமா சொன்னதையே சொல்லியிருப்பான். அந்த ஊர்ப் பெண்கள் ஒருமணி நேரம் நடந்து சுமந்துவந்த குடிதண்ணீரை நான் குழிக்குள் ஊற்றினேன். அவள் சொல்வதுதான் சரி என்று தெரிந்துகொண்டே ஊற்றினேன்.

சுவர் எழும்பியது. வேலை செய்தவர்கள் அந்த ஊர் மேசன்மார். ஹாஜியார் கையில் கரண்டி இருந்தது படம் எடுத்த நேரம் மட்டும்தான். வாசலில் பெயர் பொறித்த கல்லும் பதித்தார். ஊர் திரும்பியதும் பொன்னாடை, மாலை, ஒன்றரை மணிநேரப் பேச்சு. நானும் கைதட்டினேன்.

மழை வந்த மூன்றாம் கிழமை ஹலீமா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சுவர்ப் பிளவுக்குள் ஒரு பிள்ளை முழங்கை வரை கையை விட்டிருந்தது. பாடம் நின்றுவிட்டது, கட்டடத்தை உடைத்துக் கல்லையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாள். அதற்கும் அனுமதி கேட்கிறாள்.

போனை ஹாஜியாரிடம் நீட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கி வாசல் பக்கம் தேடினார்.

"மண் சரியில்ல மாஸ்டர். கல்ல எடுத்தா எடுக்கட்டும். அந்தப் பேர்க்கல்ல மட்டும் உடையாமப் பாக்கச் சொல்லுங்க. என்ட பேர் இரிக்கி அதுல."

ஓம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஹலீமாவுக்கு எழுதினேன்: வாசலில் இருக்கும் கல்லை முதலில் உடையுங்கள். அதில் இரண்டாவது பெயர் என்னுடையது.