கறிக்குழம்புக்குக் காவல் போன கத்தி

என்னிடம் ஒரு பெட்டி நிறைய மடக்குக் கத்திகள் இருக்கின்றன. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்புவதற்கென்றே கொக்கி வைத்த கத்தி உண்டு. குதிரைதான் இல்லை. செடிக்கு ஒட்டுக்கட்டும் அலகு வைத்தது உண்டு. எங்கள் காரைக்குடி வீட்டில் இருப்பதோ ஒரு தொட்டி, அதிலும் கற்றாழை. ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டிக்குள் படுக்க வைப்பேன். எதையாவது வெட்டினால் அலகு கெட்டுவிடும் என்பது என் கட்சி.

“வெட்டாத கத்திக்கு எண்ணெ ஒரு கேடா?” என்பது என் மனைவியின் கட்சி.

அவற்றில் என் உயிர், எருமைக்கொம்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. பள்ளத்தூர் வீடு ஒன்றிலிருந்து பழம்பொருள் கடைக்கு வந்தது. கொடி நறுக்குவதற்காகப் பிறைபோல் வளைத்த அலகு. பழைய எஃகு, ஈரம் பட்டாலே கறுத்துவிடும். அதனால் அதை மூச்சுக்கூடப் படாமல் வைத்திருந்தேன்.

தேவகோட்டையில் கட்டிக்கொடுத்த மகள் மாசமாக இருக்கிறாள். அவளுக்குக் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் பஸ் ஏறினேன். எங்கள் பக்கம் கறிச் சாப்பாடு வெளியே போனால் பேயும் கூடவே கிளம்பும் என்பார்கள். அதற்குக் காவலாகப் பையில் ஓர் இரும்புத் துண்டு போட்டு அனுப்புவது வழக்கம். மனைவி ஆணி எதையாவது போட்டிருப்பாள் என்று நிம்மதியாக ஜன்னலோரம் தூங்கினேன்.

சம்பந்தியம்மா பையைத் திறந்தார். தூக்குச்சட்டிக்கு அடியில் என் கொம்புப் பிடி! 

“இரும்பு வந்தது நல்லதாப் போச்சு. புள்ள ராத்திரியில பயந்து பயந்து முழிக்கிறா. தலகாணிக்கு அடியில வச்சுக்கிடட்டும்” என்று அவர் உள்ளே கொண்டுபோய்விட்டார். சம்பந்தி வீடு. சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து குதித்தேன். “ஆணி கெடைக்கல. இருக்கதுலயே சின்னதாப் பாத்துத்தான எடுத்தேன்? அதுக்குப் போயி இம்புட்டுக் கத்துறீக!” என்றாள் மனைவி.

மறுவாரம் பெட்டியிலேயே பெரிய கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு தேவகோட்டைக்குப் போனேன். இரும்பு பெரிதானால் பேய்க்குப் பயமும் பெரிதாகும் என்று எடுத்துச் சொல்லி, அதைக் கொடுத்துக் கொம்புப் பிடியைத் திருப்பி வாங்கிவிடத் திட்டம். பஸ்ஸில் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்தேன்.

மகள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, என் கத்தியால் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டில் உப்பும் மிளகாய்ப்பொடியும். அலகெல்லாம் சாறு. மின்னிக்கொண்டிருந்த எஃகு அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தது.

“வாங்கப்பா. இது தலமாட்டுல இருக்கவும்தான் நல்லாத் தூங்குறேன்” என்றாள். “சின்னப் புள்ளையில ஒங்க பெட்டிக்கிட்ட வந்தாலே வெரட்டுவீக. இப்ப நீங்களே எனக்குன்னு கொண்டாந்து தந்துட்டீக.”

போட்டது உன் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்ப்பொடி என்று அவள் நினைத்திருக்கலாம்.

உப்பு தொட்டு ஒரு துண்டை நீட்டினாள். தின்றேன். பல் கூசியது. பெரிய கத்தி பைக்குள்ளேயே கிடந்தது.

“இன்னொண்ணு நறுக்கு ஆத்தா” என்றேன்.