மானுகா என்று பலகை வைத்த மருதாணி

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு வரும் விருந்தினர்கள் ஆளுக்கொரு மரக்கன்று நடுவார்கள். கன்று செத்துப்போனால், பெயர்ப்பலகையை விட்டுவிட்டுச் செடியை மட்டும் மாற்றுவது நிர்வாக அதிகாரியான என் ரகசியக் கடமை.

நியூசிலாந்திலிருந்து வந்த தர ஆய்வாளர் அம்மையாருக்காக ஊட்டியிலிருந்து அவர் ஊர்ச் செடியான மானுகாவை வரவழைத்தோம். காற்றடிக்கும் மலைச்சரிவில், சத்தில்லாத மண்ணில்கூட வளருமாம். என் பாசத்தைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைத்தேன். சின்ன இலை, சின்ன வெள்ளைப் பூ என்று ஓரளவு ஒத்துப்போன மருதாணியை அங்கே நட்டேன்.

மறு ஆண்டு அவர் மீண்டும் வந்தார். எங்கள் அடுத்த ஆர்டர் அவர் போடும் கையெழுத்தை நம்பி இருந்தது. "இது மானுகாதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பலமாகத் தலையாட்டினேன்.

தோட்ட வேலை செய்யும் கஸ்தூரியம்மாவுக்கு அந்தப் பெயர் மட்டும் புரிந்துவிட்டது.

"இன்னா சார், பொய் சொல்றீங்கோ? இது மருதாணிம்மா! உன் செடி எப்பவோ பூட்ச்சு. சார்தான் தண்ணி ஊத்தி ஊத்தி சாவடிச்சாரு."

"என்ன சொல்கிறார்?" என்றார் அம்மையார்.

மொழிபெயர்க்க என்னைத் தவிர ஆளில்லை. சம்பள உயர்வு கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். கஸ்தூரியம்மா இடுப்பில் கைவைத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சாவடிச்சாரு' உட்பட அப்படியே சொன்னேன்.

அம்மையார் சிரித்து ஓய வெகுநேரமானது. ஆர்டர் தப்பிப் பிழைத்தது.

இருபது வருடங்களாக அறிக்கை எழுதுகிறேன். ஓர் உண்மையை முழுசாகச் சொன்னது அன்றுதான். அதுவும் கஸ்தூரியம்மாவின் வாக்கியத்தை இரவல் வாங்கி.