பொம்மைக்கு நான் கொடுத்த குரல்

1. மூன்று குழுவும் தோற்ற நாள்

எங்கள் தாதியர் பயிற்சிக் கல்லூரியின் சிமுலேஷன் லேபில் ஒரே காலையில் மூன்று தடவை ஒரு தாய் செத்துப்போனாள். தாய் என்றால் பொம்மைதான். ரப்பர் தோல், உள்ளே கம்ப்யூட்டர், பிரசவம் முடிந்த வயிறு, சிவப்புத் தண்ணீர் ஓட ஒரு குழாய். நாடி துடிக்கும், மூச்சு விடும், பேச்சு மட்டும் வராது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கொன்ட்ரோல் ரூமில் மைக் முன்னால் உட்கார்ந்து அதற்காகப் பேசுவது என் வேலை. பதவியின் பெயர் டெக்னிக்கல் அசிஸ்டன்ட். குழாய் கழுவுவதிலிருந்து பிரசவ வலியில் கத்துவது வரை எல்லாம் அதில் அடக்கம்.

லேபுக்குப் பொறுப்பான விரிவுரையாளரை மேடம் என்போம். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கை மாணவிகள் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள், பொம்மையோடு பழகினால் அந்த நேரம் குறைகிறதா என்பது அவருடைய ஆய்வு. அதற்கான சினாரியோ, அதாவது பொம்மைக்கு என்ன நடக்கும், அது என்ன பேசும் என்ற கதை, எழுதும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பேஷன்ட் எஸ்டேட் அம்மா. அவங்க எப்படிப் பேசுவாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும். நீங்களே பேசுங்க."

எனக்குத் தெரியாமலா? ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து பறித்தவர். உடம்புக்கு முடியவில்லை என்று பாதியில் மலையை விட்டு இறங்கினால் அரைப்பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். வேலைக்குக் கள்ளம் என்று கங்காணியின் பேச்சு வேறு. அப்படிப் பழகிய வாய் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நர்ஸ் மிஸ்ஸிடம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். கை கம்பளியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொள்ளும்.

அதனால் வீட்டிலிருந்து ஒரு கம்பளி கொண்டுவந்து பொம்மைக்குப் போர்த்தினேன். முதல் குழுவின் மாணவி வந்து, எப்படி இருக்கீங்க அம்மா என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன் மிஸ். லேசா குளுருது. வெளிய எங்க மாமி நிக்கிறாங்க, பஸ் போயிருமேன்னுதான் யோசிக்கிறேன்," என்றேன்.

அவள் மாமியைப் பற்றி ஆறுதல் சொன்னாள். ஜன்னலைச் சாத்தினாள். கம்பளிக்குக் கீழே சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த இரண்டு குழுக்களும் அதேதான். ஒருத்தியும் கம்பளியைத் தூக்கிப் பார்க்கவில்லை. திரையில் நாடி நின்றதும் ஒரு மாணவி அழுதுவிட்டாள்.

பிள்ளைகள் போன பிறகு மேடம் உள்ளே வந்தார்.

"இது சரிவராது. ஒருத்தரும் கண்டுபிடிக்கலைன்னா ஒப்பிட நேரமே கிடைக்காது. கம்பளி இருந்தா கெமராவுலயும் ஒன்னும் விளங்கல. கேட்டா, அம்மா உள்ளதைச் சொல்லட்டும். தலை சுத்துது, ரத்தம் நிறையப் போகுதுன்னு. என்ன, ஏதும் பிரச்சினையா?"

ஆய்வுக்கு அது நியாயமான பேச்சு. ஆனால் எங்கள் பெண்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அவ்வளவு படித்தவருக்கு முன்னால் குழாய் கழுவுகிறவள் என்ன பேசுவது?

"ஒன்னுமில்ல மேடம்," என்றேன். கம்பளியை மடித்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

2. நல்ல நோயாளி

அடுத்த வாரத்திலிருந்து பொம்மை நல்ல நோயாளியாகிவிட்டது. கேட்டால் கேட்டதற்குப் பதில். மாணவிகள் செக்லிஸ்டில் உள்ள கேள்விகளை வரிசையாகக் கேட்டார்கள், நான் வரிசையாகச் சொன்னேன், அவர்கள் உடனே வயிற்றைத் தடவி, மருந்து ஏற்றி, டொக்டரைக் கூப்பிட்டார்கள். தடவைக்குத் தடவை நேரம் குறைந்தது. ஆய்வறிக்கையின் கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயரும் இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கொப்பி எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன்.

அந்த வருடத்துப் பிள்ளைகளில் சந்துனி கெட்டிக்காரி. குருணாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. ஒரு சொல் தமிழ் தெரியாமல் வந்தவள். வகுப்பு முடிந்ததும் கொன்ட்ரோல் ரூமுக்கு வந்து, "அக்கா, தலை சுத்துதான்னு சொல்றது சரியா?" என்று திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். நான் சொல்லும் வசனங்களைச் சிங்கள எழுத்தில் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். கடைசிச் சோதனையில் எல்லாரையும்விடக் குறைந்த நேரம் அவளுடையதுதான். அவள் பேசிய தமிழ் முழுக்க என் பொம்மையிடம் படித்த தமிழ்.

3. சந்துனி வந்தாள்

அவளுக்கு மலைநாட்டிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் நியமனம் கிடைத்தது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் லேபுக்கு வந்தாள். தேத்தண்ணீர் கொடுத்தேன். தொடவில்லை.

"நல்லதண்ணிங்கிற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்து அம்மா, அக்கா. முதல் பிள்ளை. பிள்ளை பிறந்த பிறகு நான் பக்கத்துல போய்க் கேட்டேன். தலை சுத்துதா, ரத்தம் நிறையப் போகுதான்னு. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே கேட்டேன். இல்லீங்க மிஸ், ஒன்னுமில்லன்னு சிரிச்சாங்க. குளுருதுன்னாங்க. நான் இன்னொரு போர்வை குடுத்தேன்."

வார்டில் அன்று நெருக்கடி. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணுக்குப் பேச்சில்லை. போர்வைக்குக் கீழே மெத்தை நனைந்திருந்தது.

"உயிரைக் காப்பாத்திட்டாங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. இருபத்திரண்டு வயசு அக்கா. வார்ட் சிஸ்டர் ஏசினாங்க. எஸ்டேட் அம்மாமார் ஒன்னுமில்லன்னுதான் சொல்லுவாங்க, அதுகூடத் தெரியாதான்னு கேட்டாங்க." என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.

கம்பளியை எடுத்துவிட்ட கதையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "வாறேன் அக்கா," என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

மறுநாள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனான்னு தெரியல. ஆனாலும் நீங்க சொல்லியிருக்கணும்," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தக் கம்பளியை நாளைக்குக் கொண்டு வாங்க," என்றார்.

இப்போது எங்கள் பொம்மை போர்த்திக்கொண்டுதான் படுத்திருக்கிறது. எதைக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேன் மிஸ் என்கிறது. மாணவிகள் தோற்கிறார்கள், நேரம் கூடுகிறது. மேடம் அதை மறைக்காமல் அப்படியே எழுதுகிறார். போர்த்திய பொம்மையை வைத்தே புதிய ஆய்வொன்றும் நடக்கிறது.

லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் ஓட்ட யாரும் பழகிக்கொள்ளலாம். உங்கள் ஊரும் உங்கள் ஆட்களும் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். சினாரியோவில் அது தப்பாக இருந்தால், எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் அது அவர்கள் பாடு. நான் சொல்லாமல் விட்டது என் பாடு.

சந்துனி அதற்குப் பிறகு லேபுக்கு வரவில்லை. அந்த வார்டுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த பிள்ளைகள் அவளைப் பற்றிச் சொல்கிறார்கள். எந்தத் தாயிடமும் அவள் முதலில் கேள்வி கேட்பதில்லையாம். "கோவிச்சுக்காதீங்க அம்மா," என்று சொல்லிவிட்டுப் போர்வையைத் தூக்கிப் பார்க்கிறாளாம். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். நல்லதண்ணிப் பெண்ணிடம் அவள் அதைப் படித்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது.