பத்திரிகையில் என் பெயர்

என் பெயர் ஐரின். எங்களுடையது சர்ச்சுக்குப் போகிற குடும்பம் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் தேருக்கு வடம் பிடிக்கிற குடும்பம். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் பள்ளிக்கூடமே என்னிடம் கேக் கேட்கும். இல்லை என்றால் கஞ்சப் பிசினாறி என்று திட்டும்.

அம்மாவின் பிரசவம் சிக்கலானபோது, வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கூடவே நின்ற நர்ஸம்மாவின் பெயர் அது. பெண் பிறந்தால் உங்கள் பெயர்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அது கிரேக்கப் பெயர், அமைதி என்று அர்த்தம் என்றாராம் நர்ஸம்மா. அமைதிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது பாவம், அப்பாவுக்கு அப்போது தெரியாது.

2009இல் சிதம்பரம் கீழவீதியிலிருந்து வரன் வந்தது. எல்லாம் பேசி முடித்து, பத்திரிகை அடிக்கிற விஷயமாக மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்திரிகையில் மட்டும் பெண்ணுக்கு வேறு பெயர் போட்டுக்கொள்ளலாமா, சொந்தக்காரர்கள் ஏதாவது பேசுவார்கள் என்று தன்மையாகத்தான் கேட்டார். அப்பா மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பேர மாத்துறதா இருந்தா மாப்பிள்ளையையும் மாத்திடலாம்ப்பா," என்றேன்.

அம்மா கண்ணாலேயே என்னைச் சுட்டெரித்தாள். சொல்லிவிட்டேனே தவிர, மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இனி போனால் போகட்டும் என்று நர்ஸம்மா கதை முழுவதையும் மூச்சுவிடாமல் அத்தையிடம் கொட்டினேன்.

அத்தை காபியை நிதானமாக ஆற்றிக் குடித்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார். ரிட்டயராகித் திருப்பாதிரிப்புலியூரில் இருப்பதாக அப்பா சொன்னார். மேற்கொண்டு எதுவும் பேசாமல் அத்தை சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்திரிகை அச்சாகி வந்தது. ஐரின் என்றே போட்டிருந்தது. முதல் பத்திரிகையை நடராஜர் சன்னதியில் வைத்துவிட்டு, இரண்டாவதோடு அத்தையே கடலூர் வந்து எங்களையும் கிளப்பினார். கதவைத் திறந்த நர்ஸம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களை அடையாளம் தெரியவில்லை. அத்தை வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தை நீட்டினார்.

"ஒங்க பேரு வச்ச பொண்ணத்தான் எங்க வூட்டுக்கு மருமவளா அழைச்சிக்கிட்டுப் போறோம். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்."

அப்பா தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார்.