தலைவர் யார் என்று கேட்டபோது

தெய்வநாயகி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம் தாதியாக இருந்தவள். டொராண்டோவில் அவள் கெட்டது ஒரு கேள்விக்குச் சொன்ன ஒரு பதிலால்.

1984 வைகாசி மாதம். கணவன் வீரக்குட்டி, ஏழு வயது மகள் பேபி இருவரோடும் அவள் கனடாவுக்கு வந்து ஆறு கிழமை ஆகியிருந்தது. வோபர்னில் எட்டாம் மாடி வீடு. அரசாங்கத்தின் முழுநாள் ஆங்கில வகுப்புக்குப் பதியக் கணவனும் மனைவியும் போனார்கள். ஆறு மாதப் படிப்பு, படிக்கும் காலத்துக்கு உதவிப்பணம் வேறு. மொழிபெயர்க்க அதே கட்டடத்து யாழ்ப்பாணத்துக்காரர் பத்மநாதன் கூடப் போயிருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் படிவத்தை எடுத்து ஏதோ கேட்டாள்.

"குடும்பத் தலைவர் ஆரெண்டு கேக்கிறா," என்றார் பத்மநாதன்.

"இவர்தான்," என்றாள் தெய்வநாயகி. வீரக்குட்டிக்கு வாய் திறக்கவும் நேரமில்லை.

அவளுடைய ஊர் மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதி. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டுப் பக்கத்து வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போய்விடுவாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீரக்குட்டியும் ஒரு சூட்கேசும் சைக்கிளுமாக வந்தவன்தான். வீடு, கிணறு, பதினெட்டுத் தென்னை எல்லாம் அவள் பேரில் இருந்தன. அப்படி இருக்கிறபடியால்தான் வெளியார் கேட்டால் முதல் பேராகக் கணவன் பேரைச் சொல்லுவார்கள். சங்கக்கடைப் பங்கீட்டுப் புத்தகத்திலும் கோயில் பட்டியலிலும் அவன்தான் தலைவர். அது ஒரு மரியாதை. வீட்டு உறுதிப் பத்திரத்தை வைத்திருப்பவளுக்குப் பேரை விட்டுக்கொடுப்பதில் என்ன நட்டம்?

இந்த நாட்டில் அவளிடம் உறுதி இல்லை. அந்தப் படிவத்தில் எழுதிய பேர்தான் எல்லாம்.

"ஒரு குடும்பத்துக்கு வகுப்பில ஒரு இடந்தானாம். தலைவருக்குத்தானாம்," என்று பத்மநாதன் மெல்லச் சொன்னார்.

வீரக்குட்டி நெல் சபையில் கிளார்க்காக இருந்தவன். ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கக்கூடியவன். தெய்வநாயகியோ தமிழிலேயே படித்துத் தமிழிலேயே சோதனை எழுதிய தாதி. அவளுக்குத்தான் அந்த வகுப்புத் தேவை என்று வீரக்குட்டிக்குத் தெரியும். ஒரு சொல் சொன்னால் போதும். அவன் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் முத்திரையைக் குத்தினாள்.

பஸ்ஸில் திரும்பும்போது தெய்வநாயகி கேட்டாள். "இஞ்சாருங்க, நேர்ஸ் இவள்தான், இவளைப் போடுங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீதானே முந்திக்கொண்டு சொன்னாய். ஒபிஸ் ஒண்டில வச்சுப் பொண்டாட்டி சொன்னதை மறுத்துப் பேசினா மரியாதையா இரிக்குமா?"

தனக்கு லாபமான மரியாதைகளில் வீரக்குட்டி எப்போதும் கண்டிப்பானவன்.

இங்கே தாதியாகப் பதிய இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஆங்கிலச் சோதனையில் சித்தியடைய வேண்டும். கடைசியாகத் தாதி வேலை பார்த்து ஐந்து வருடம் தாண்டியிருக்கக்கூடாது. அவள் கடைசியாக ஆஸ்பத்திரிச் சீருடையைக் கழற்றியது 1983 கார்த்திகையில். ஆகவே 1988 கார்த்திகை வரை தவணை. நாட்கள் ஏராளம் என்றுதான் நினைத்தாள்.

கிறிஸ்மஸுக்கு முன் வீரக்குட்டி படிப்பை முடித்தான். மிசிசாகாவில் விமானச் சரக்குக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது. அடுத்த தை மாதம் தெய்வநாயகி தனியாக அதே அலுவலகத்துக்குப் போனாள். வேறொரு பெண் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். "உங்கள் கணவருக்கு வேலை இருக்கிறது. நீங்கள் அவரைச் சார்ந்தவர். துப்புரவு வேலைக்கு ஆங்கிலம் தேவையில்லை. நாளைக்கே எடுப்பார்கள்," என்றாள். பாதி விளங்கியது. மீதி அந்தப் பெண் கோப்பை மூடிய விதத்தில் விளங்கியது.

சொன்னபடியே உடனே எடுத்தார்கள், துப்புரவுக்கு அல்ல, உதவியாளராக. முதியோர் இல்லம் ஒன்றில் குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் படுக்கை விரிப்பதும் வேலை. பத்மநாதனின் மனைவி தவமணி அங்கே சலவைப் பகுதியில் நின்றாள். ஜமேக்காக்காரி கிளடிஸுக்கும் தெய்வநாயகிக்கும் ஒரே மாடியில் வேலை. மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள்.

"உங்கட பக்கத்தில பொம்பிளையள் ராசாத்தியள் எண்டுதானே கதை," என்று தவமணி ஒருநாள் சீண்டினாள். "வீடு உங்கட, வளவு உங்கட. மாப்பிள்ளை சூட்கேசோட வந்து வாசல்ல நிப்பார். பிறகேன் அக்கா அந்த ஒபிசில போய் வாயை விட்டனீங்கள்?"

"உங்கட பக்கத்தில மட்டும் என்னவாம், புள்ள?"

"எங்கட சீதனக் காணியும் எங்கட பேரிலதான். விக்கப் போனால் இவர் கையெழுத்து வைக்கோணும். பெட்டி எங்களிட்ட, திறப்பு அவையிட்ட."

இருவரும் சிரிப்பதைப் பார்த்து, என்ன சிரிப்பு என்று கிளடிஸ் கேட்டாள். தவமணி தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். கிளடிஸ் கோழிக்காலை வைத்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள்.

"தங்கட ஊரில இந்தப் பிரச்சினையே இல்லையாம், அக்கா. வீடும் பொம்பிளைக்காம், பிள்ளையும் பொம்பிளைக்காம், உழைப்பும் பொம்பிளைக்காம். ஆம்பிளை கிறிஸ்மசுக்கு மட்டும் வருவானாம்."

"குடுத்துவச்சவள்," என்றாள் தெய்வநாயகி.

கொடுத்து வைத்தவள் மூன்று பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு வெள்ளைக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு எடுக்க ஒன்பது வருடம் சென்றது. இது பிறகு தெரிந்தது.

பன்னிரண்டாம் அறையில் இருந்த கிழவி இந்த நாட்டிலேயே பிறந்தவள். பள்ளிக்கூட ஆசிரியை. கலியாணம் கட்டிய கிழமையே பள்ளிக்கூடம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாம், புருஷன் இருக்கிறவளுக்குச் சம்பளம் எதற்கு என்று. முதுகு தேய்க்கும்போது தெய்வநாயகி பேசும் ஆங்கிலத்தை அவள் எரிச்சலோடு திருத்துவாள்.

தேவாலயம் ஒன்றில் செவ்வாயும் வியாழனும் மாலை இலவச ஆங்கில வகுப்பு நடந்தது. வீரக்குட்டிக்கு மாலை ஷிப்ட். பேபியை யார் பார்ப்பது? ஆரையம்பதியில் இது ஒரு கேள்வியே அல்ல. இடப்பக்க வளவில் தாய், வலப்பக்கத்தில் தங்கை. அங்கே பெண்ணுக்கு வந்தது வீடு மட்டும் இல்லை, வீட்டைச் சுற்றிப் பெண்களும் வந்தார்கள். இங்கே எட்டாம் மாடியில் சுற்றிவரக் காற்றுத்தான். தவமணி ஒரு குளிர்காலம் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே இரட்டைப் பிள்ளைகள். "ஷிப்டை மாத்துங்களன்," என்று தெய்வநாயகி கேட்டபோது, "பொம்பிளை படிக்கப் போறா எண்டு சொல்லி மாத்தினா கம்பனியில உவனுகள் சிரிப்பானுகள்," என்றான் வீரக்குட்டி.

1987இல் சோதனை எழுதினாள். பேச்சுப் பகுதியில் தோற்றாள். அடுத்தது 1988 ஐப்பசியில். தவணைக்குள் வரும் கடைசிச் சோதனை. மண்டபம் நகரத்தின் மறுகோடியில், ரெக்ஸ்டேலில். காரில் கொண்டுபோய் விடுவதாக வீரக்குட்டி ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை காலை அவள் எழும்பியபோது அவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஓவர்டைமுக்கு வரச் சொல்லிப் போட்டானுகள்."

"இண்டைக்குத்தானே எனக்குச் சோதனை?"

"ஏலாதெண்டு சொல்ல முடியுமா? இந்தக் குடும்பத்தைக் கொண்டு போற நான்தானே. நீ பஸ்ஸில போ, அடுத்த தெருவில நிண்டு ஏறு."

பேபியைத் தவமணியிடம் விட்டு, மூன்று பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறிப் போனாள். கதவு பூட்டி இருபது நிமிடம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அடுத்த சோதனை 1989 தையில். அதில் சித்தியடைந்தாள், பேச்சிலும்தான். இரண்டு மாதத்தை யார் பெரிதுபடுத்தப் போகிறார்கள் என்று விண்ணப்பத்தை அனுப்பினாள். மறுமொழி மூன்று வரி. ஐந்து வருடம் கடந்துவிட்டது. தாதியாக விரும்பினால் முதலாம் ஆண்டிலிருந்து படிக்கலாம். அப்போது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு.

வீரக்குட்டி கடிதத்தை வாங்கி வாசித்தான். "நல்ல இங்கிலீசில எழுதியிரிக்கானுகள்," என்றான்.

அவள் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். பன்னிரண்டாம் அறைக் கிழவியைக் கழுவும்போது ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட வீங்கிச் சூடாக இருந்தது. இரத்தக்கட்டி என்று கை வைத்ததுமே தெரிந்தது. பொறுப்பான தாதியைக் கூப்பிட்டாள். படிப்பு முடித்து ஒரு வருடமும் ஆகாத பிள்ளை. கிழவியை நடக்க விட வேண்டாம், டாக்டரை இப்போதே கூப்பிட வேண்டும் என்று தெய்வநாயகி சொன்னாள். அந்தப் பிள்ளை ஓடினாள். டாக்டர் வந்தார், அம்புலன்ஸ் வந்தது. தக்க நேரத்தில் கண்டீர்கள் என்று டாக்டர் அந்தப் பிள்ளையின் தோளில் தட்டினார். குறிப்பேட்டில் எழுதியதும் அந்தப் பிள்ளைதான். உதவியாளர் அதில் எழுதக்கூடாது.

எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நல்ல மனசுக்காரி. "உனக்கு இது எப்படித் தெரியும்?"

"நான் நேர்ஸாக இருந்தவள்."

"உண்மையாகவா? உங்கள் நாட்டில் பெண்களை அப்படி வேலைக்கு விடுவார்களா?" தெய்வநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்படியோ, இங்கே வந்துவிட்டாய். இங்கே ஒரு பெண் விரும்பினால் எதுவும் ஆகலாம்."

அதில் ஒவ்வொரு சொல்லும் தெய்வநாயகிக்கு விளங்கியது. கையை விடுவித்துக்கொண்டு, நனைந்த விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பதின்மூன்றாம் அறைக்குப் போனாள்.